விழுப்புண் பட்ட பின்னர்

தமிழர் போர்க்களத்தில் பெற்ற காயத்துக்கு ஒரு தனிப் பெயர் இட்டவர். மார்பிலும் முகத்திலும் பட்ட புண்ணை அவர்கள் வெறும் புண் என்று சொல்லவில்லை, விழுப்புண் என்றனர். விழுமிய புண், அதாவது பெருமைக்குரிய புண் என்பது அதன் பொருள். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து, வழிபாடும் செய்தனர். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் இன்றும் அத்தகைய நடுகற்கள் பலவற்றைக் காணலாம்.

ஆனால் இங்கே ஒரு வினா எழுகின்றது. வீழ்ந்தவனுக்குக் கல் நட்டோம். புண்பட்டும் வீழாமல், காலை இழந்தும் உயிரோடு ஊர் திரும்பியவனுக்கு என்ன செய்தோம்? கல்லுக்குப் பசியில்லை, தனிமையில்லை, நாளைப் பொழுதைப் பற்றிய கவலையும் இல்லை. திரும்பி வந்தவனுக்கோ இவை யாவும் உண்டு. அவனுக்கு வயது இருபதோ இருபத்தைந்தோதான் ஆகியிருக்கும். அவன் முன்னே இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றை அவன் எவ்வாறு வாழ்வது?

முற்காலத்தில் இவ்வினா இத்துணைப் பெரிதாக எழவில்லை. கடுங்காயமுற்றவருள் பெரும்பாலோர் களத்திலேயோ மருத்துவக் கூடாரத்திலேயோ மாண்டனர். இந்நாளில் காயமுற்றவரைச் சிறிது நேரத்திலேயே ஹெலிகாப்டரில் கொண்டு செல்கின்றனர், இரத்தம் ஏற்றுகின்றனர், கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைத் தருகின்றனர். அறுவை மருத்துவமும் மிக முன்னேறியிருக்கின்றது. ஆகவே, முன்னர் நடுகல்லாகியிருக்க வேண்டியவர் பலர் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். உயிரைக் காப்பதற்கு மருத்துவமனை உண்டு. வயிற்றைக் காப்பதற்கு ஓய்வூதியம் உண்டு. இவ்விரண்டுக்கும் அப்பால் மனிதனுக்கு வேண்டுவது ஒன்றிருக்கின்றது. அதனைத் தேடிக் கண்டு, தம்மைப் போன்ற பிறருக்கும் வழங்கிய படைவீரர் சிலரைப் பற்றியே இங்கே கூற விரும்புகின்றோம்.

முதலில், காயம் ஒரு வீரனிடமிருந்து எதைப் பறிக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். கை கால்களைப் பறிக்கின்றது என்று சொல்வது எளிது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படையில் சேர்ந்த நாள் முதல் அவனுக்கு உறவு என்பது அவனுடைய படைப்பிரிவுதான். விடியற்காலையில் ஒன்றாக எழுந்து, ஒன்றாக ஓடி, ஒரே அடுப்பில் சமைத்ததை ஒன்றாக உண்டு, இடரிலும் ஒன்றாக நின்றவர் அவர்கள். "நாளைக் காலை உன்னால் இது ஆக வேண்டும்" என்று அங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை காத்திருக்கும். காயமுற்ற மறுநாள் முதல் அவனுக்கு அந்த உறவும் இல்லை, அந்த வேலையும் இல்லை. வீட்டார் அன்போடு தாங்குகின்றனர்; தண்ணீரும் கையிலேயே கொண்டு வந்து தருகின்றனர். அந்த அன்பே நாளடைவில் அவனுக்கு, "உன்னால் இனி ஒன்றும் ஆகாது" என்று சொல்வது போல் ஆகிவிடுகின்றது.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இதனை மிக விளக்க வேண்டியதில்லை. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய முதல் மாதத்தை நினைத்துக் கொள்ளுங்கள். உண்ண உணவும் தங்க இடமும் கிடைத்த பின்னரும் நெஞ்சில் ஒரு குறை இருந்ததன்றோ? நமக்கு முன்னே அந்த ஊருக்கு வந்து அதே இடர்களைப் பட்ட ஒருவர் கையைப் பிடித்து, "வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நம்மவர் எல்லாரும் கூடுவோம்" என்று அழைத்த பிறகன்றோ அந்த ஊர் நம் ஊராயிற்று? காயமுற்ற வீரரின் நிலையும் இதைப் போன்றதே. அவர் உடல் ஊனம் என்னும் அயல் நாட்டில் வந்து இறங்கியவர். அங்கே அவருக்கு முன் சென்று வாழக் கற்றவர் ஒருவரின் அழைப்புத்தான், வேறெவர் சொல்லையும் விட அவர் காதில் ஏறும்.

உடலுழைப்பும் தோழமையும் காயமுற்ற வீரரை மீட்கும் என்பதை மருத்துவ உலகிற்கு நிலைநாட்டிக் காட்டியவர் லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் மருத்துவர். 1899ஆம் ஆண்டில் பிறந்த அவர் ஜெர்மானிய யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939ஆம் ஆண்டில் இங்கிலாந்து சேர்ந்தார். 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடக் காயமுற்ற படைவீரர்க்கெனத் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது.

தண்டுவடம் என்பது முதுகெலும்பின் உள்ளே மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புக் கற்றை. குண்டு பாய்ந்தோ முதுகெலும்பு முறிந்தோ அது அறுபட்டால், அவ்விடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அக்காலத்தில் அத்தகையோர் நெடுநாள் வாழ்வதில்லை. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் குண்டு அன்று. அதன் பின்னே வந்த இரண்டு பகைகள். உணர்வற்ற உடல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பதால் உண்டாகும் படுக்கைப் புண் ஒன்று. சிறுநீர்ப் பையில் தொடங்கிச் சிறுநீரகத்தை அழிக்கும் கிருமித் தாக்கு மற்றொன்று. குட்மன் இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். இவ்வளவு எளிய செயலால் எத்தனையோ உயிர்கள் தப்பின.

ஆனால், உயிர் தப்பியவர் கூரையைப் பார்த்துக் கிடப்பதை அவர் பொறுக்கவில்லை. அவர்களைச் சக்கர நாற்காலியில் அமர்த்தினார். பந்து விளையாடச் செய்தார். வில்லைக் கையில் கொடுத்தார். கால் செயலற்றவனுக்குத் தோளே கால். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், நாற்காலியில் கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்திப் புண் வராமல் காப்பதும் தோள் வலிமையால்தான் இயலும். வில்லை வளைப்பவனுக்கு அந்த வலிமை விளையாட்டாகவே வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. அதே நாளில் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வில்வித்தைப் போட்டி நடத்தினர். 1952ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு முன்னாள் வீரர்களும் வந்து கலந்துகொண்டனர். 1960ஆம் ஆண்டில் ரோம் நகரில் நடந்த பந்தயங்களே முதல் பாராலிம்பிக் என்று இன்று எண்ணப்படுகின்றன. காயமுற்ற படைவீரர் பதினாறு பேர் எய்த அம்பிலிருந்து வளர்ந்ததே இன்று உலகம் முழுதும் காணும் அப்பெருவிழா.

இனி நம் நாட்டுக்கு வருவோம். புனே நகரில் கட்கி என்று ஒரு பகுதி உண்டு. ஆங்கிலேயர் அதனைக் கிர்க்கி என்றனர். அங்குள்ள படைக் குடியிருப்பிலும் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் வேலை தேடிச் சென்று நிலைபெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களுக்குக் காயமுற்ற வீரர்கள் புதியவரல்லர். முதல் உலகப் போரில் ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க 1917ஆம் ஆண்டில் தோன்றிய குயீன் மேரீஸ் தொழில்நுட்பக் கழகம் கட்கியில் இருக்கின்றது. கை கால் இழந்தோர்க்குச் செயற்கை உறுப்புகள் செய்து பொருத்தும் இராணுவ நிலையம் 1944ஆம் ஆண்டில் புனேயில் தோன்றிற்று. தண்டுவடக் காயமுற்ற வீரர் தங்கி வாழ்வதற்கான மறுவாழ்வு மையம் 1974ஆம் ஆண்டு முதல் கட்கியில் இயங்கி வருகின்றது. அங்கே வாழ்வோர் தொழில் கற்கின்றனர். சிலர் தூரிகையை வாயிற் கவ்வி ஓவியம் தீட்டுகின்றனர். மாலையில் சக்கர நாற்காலியில் கூடைப்பந்தும் ஆடுகின்றனர். ஆடும்போது நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதும். விழுந்தவர் எழுந்து மறுபடியும் ஆடுவர்.

மராட்டிய மாநிலத்துச் சாங்கிலி மாவட்டத்தைச் சேர்ந்தவர் முரளிகாந்த் பேட்கர். இளமையிலேயே இராணுவத்தில் சேர்ந்து, மின்னணு மற்றும் இயந்திரப் பொறியியல் பிரிவில் ஜவானாகப் பணியாற்றினார். நல்ல குத்துச்சண்டை வீரர் என்றும் பெயர் பெற்றார். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பல பாய்ந்தன. இடுப்புக்குக் கீழே உடல் செயலற்றது. குத்துச்சண்டைக்காரனுக்குக் கால்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் அவரை நீந்தச் சொன்னார்கள். நீரானது உடலின் பாரத்தைத் தான் ஏந்திக் கொள்கின்றது. நிலத்தில் கால் வேண்டிய இடத்தில், நீரில் கையே போதும். மருந்தாகத் தொடங்கிய நீச்சல், பயிற்சியாகி, பின்னர்ப் பந்தயமும் ஆயிற்று. 1968ஆம் ஆண்டில் டெல் அவீவ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் மேசைப் பந்தாட்டத்தில் கலந்துகொண்டார். 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில், உலக சாதனையோடு தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக்கையும் பாராலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தால், தனி ஒருவராக இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த முதல் மனிதர் அவரே.

இதில் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1939ஆம் ஆண்டில் ஜெர்மனி ஒரு மருத்துவரைத் துரத்திற்று. அவர் அயல் நாட்டில் தொடங்கிய பந்தயம் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மானிய மண்ணிலேயே நடந்தது. அங்கே இந்திய ஜவான் ஒருவர் வென்றார். வென்றவரை நாம் எவ்வாறு போற்றினோம் என்பது நாம் நாணத்தக்க செய்தி. பத்மஸ்ரீ விருது அவருக்கு 2018ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதாவது நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து. இடைக்காலத்தில் பிறந்து வளர்ந்த எத்தனை காயமுற்ற வீரர்கள், தமக்கு முன் இவ்வழி நடந்த ஒருவர் இருந்தார் என்பதை அறியாமலே சோர்ந்து கிடந்தனரோ! முன் சென்றவரை மறப்பதால் வரும் கேடு முன் சென்றவருக்கு மட்டும் அன்று. பின் வருவோருக்கே அது மிகுதி.

அந்தக் கேட்டை உணர்ந்து, முன் சென்றவன் பின் வருவோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும் என்று தாமே முனைந்தவர் மேஜர் தேவேந்தர் பால் சிங். மேஜர் டி. பி. சிங் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். 1999ஆம் ஆண்டு கார்கில் போரின் போது அவர் டோக்ரா படைப்பிரிவில் இளம் அதிகாரி, வயது இருபத்தைந்து. ஜூலை 15ஆம் நாள், ஜம்முவை அடுத்த அக்னூர்ப் பகுதியில் மோர்ட்டார் குண்டு ஒன்று அவருக்கு மிக அருகே வெடித்தது. உடலெங்கும் சில்லுகள் தைத்தன. மருத்துவமனைக்குக் கொண்டு வந்தபோது இறந்துவிட்டார் என்றே முடிவு கட்டினர். மயக்க மருந்து தரும் மருத்துவர் ஒருவர் உயிர்க் குறி சிறிது இருப்பதைக் கண்டறிந்ததால் சிகிச்சை தொடர்ந்தது. உயிர் மீண்டது, ஆனால் தசையழுகல் கண்டமையால் வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. சில்லுகளுள் பல இன்றும் அவர் உடலில் தங்கியிருக்கின்றன.

மருத்துவமனையில் நெடுங்காலம் கழித்த பின்னர் அவர் மீண்டும் நடக்கக் கற்றார். செயற்கைக் கால் என்பதைச் செருப்பைப் போல மாட்டிக் கொண்டு நடந்துவிடலாம் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. உள்ளங்காலின் தோல் உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. வெட்டுண்ட முனையின் தோல் அதற்கென அமைந்ததன்று. அம்முனை நாளடைவில் சுருங்கும், வெயிலில் வீங்கும், வியர்க்கும், செயற்கைக் காலின் குழியில் உராய்ந்து புண்ணாகும். புண்ணானால் ஆறும் வரை நடக்க முடியாது. இரு கால் உடையவனைக் காட்டிலும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலான ஆற்றல் வேண்டும். இவையன்றி, இல்லாத கால் வலிக்கும் என்னும் விந்தையும் உண்டு. காலை எடுத்த பிறகும் மூளையில் அக்காலுக்குரிய இடம் அப்படியே இருப்பதால், இல்லாத விரல்கள் எரிவதாகவும் முறுக்குவதாகவும் தோன்றும். பார்ப்பவர்க்கு அது புரியாது. அதனைப் பட்டவருக்கே புரியும்.

இத்தகைய காலை வைத்துக் கொண்டு, 2009ஆம் ஆண்டில் டில்லியில் நடந்த அரை மாரத்தான் ஓட்டத்தில் அவர் இறங்கினார். தூரம் 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவர் அணிந்திருந்தது ஓடுவதற்கெனச் செய்த கால் அன்று, நடப்பதற்கான சாதாரணச் செயற்கைக் கால். ஓடி முடித்தார். பின்னர் இராணுவத்தின் உதவியால் பிளேடு எனப்படும் ஓட்டக் கால் அவருக்குக் கிடைத்தது. அது கார்பன் இழையால் ஆன, வளைந்த ஒரு தகடு. உடலின் பாரம் அதன்மேல் விழும்போது அது வில்லைப் போல் வளையும். பாரம் நீங்கும்போது நிமிர்ந்து, ஓடுபவரை முன்னே உந்தும். அதனை அணிந்து அவர் பல அரை மாரத்தான்கள் ஓடினார். இந்தியாவின் முதல் பிளேடு ஓட்டக்காரர் என்று மக்கள் அவரை அழைத்தனர்.

அவரைப் பற்றிக் கூற வேண்டிய சிறப்புச் செய்தி இதன் பின்னரே வருகின்றது. பதக்கமும் புகழும் பெற்றுத் தம் வீட்டில் இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டில், கை கால் இழந்தோரை ஒன்று சேர்க்கும் ஒரு குழுவைத் தொடங்கினார். அதன் பெயர் 'தி சாலஞ்சிங் ஒன்ஸ்'. அறைகூவுவோர் என்று தமிழில் சொல்லலாம். காயமுற்ற படைவீரர்களும், விபத்திலும் நோயிலும் உறுப்பிழந்த பொதுமக்களும் அதில் சேர்ந்தனர். புதிதாகக் காலிழந்த ஒருவரைச் சந்தித்து, தாம் பட்டதைச் சொல்லி, பொருத்தமான செயற்கைக் காலைப் பற்றி அறிவுரை கூறி, "அடுத்த ஓட்டத்தில் எங்களோடு வாருங்கள்" என்று அழைப்பது அக்குழுவின் வழி. சிலர் பிளேடு அணிந்து ஓடுவர். சிலர் சாதாரணச் செயற்கைக் காலோடு நடப்பர். சிலர் ஊன்றுகோலோடு வருவர். முந்துவது நோக்கமன்று, முடிப்பதே நோக்கம்.

மருத்துவர் சொன்னால், "உங்களுக்கு இரண்டு கால் உண்டு, சொல்கின்றீர்கள்" என்று நோயாளி மனத்துள் எண்ணுவான். தாய் சொன்னால், அன்பினால் சொல்கின்றாள் என்று எண்ணுவான். தன் செயற்கைக் காலைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு ஒருவர், "இந்த இடத்தில்தான் எனக்கும் புண்ணாகும், இப்படிச் செய்தால் ஆறும்" என்று சொன்னால், அவரிடம் மறுமொழி கூற இடமே இல்லை. முன்னாள் வீரர் ஒருவர் பிற வீரர்க்குத் துணையாவதில் உள்ள நுட்பம் இதுவே. 2019ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மேஜர் சிங் நாசிக்கில் பாராசூட்டோடு வானிலிருந்து குதித்தார். காயமுற்ற வீரரைச் சிறப்பிக்கும் ஆண்டாக 2018ஐ இராணுவம் அறிவித்திருந்த பின்னணியில் அது நிகழ்ந்தது. அந்தக் குதிப்பை வெறும் வியப்புக் காட்சியாகக் கருதலாகாது. படுக்கையில் கிடந்து அச்செய்தியைக் கேட்கும் ஒரு ஜவானுக்கு அது எழுதப்பட்ட கடிதம் என்றே கருதலாம்.

அத்தகைய அழைப்பு ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு மற்றொரு சான்றும் கூறுவோம். நாகாலாந்தைச் சேர்ந்த ஹொகாடோ ஹொடோஷே சேமா, அஸ்ஸாம் படைப்பிரிவில் ஜவானாக இருந்தவர். 2002ஆம் ஆண்டு அக்டோபரில், ஜம்மு-காஷ்மீரில் ஊடுருவலைத் தடுக்கும் பணியின்போது கண்ணிவெடியில் இடது காலை இழந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. படையின் சிறப்புப் பிரிவிற் சேர வேண்டும் என்ற அவர் கனவு அன்றோடு முடிந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், புனேயின் செயற்கை உறுப்பு நிலையத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் அவரது உடற்கட்டைக் கண்டு குண்டு எறிதல் பழகச் சொன்னார். முப்பத்திரண்டு வயதில் அவர் பழகத் தொடங்கினார்.

அமர்ந்து எறியும் அப்போட்டியில் வீரர் தரையில் பிணித்த இருக்கையில் வாரால் கட்டப்பட்டிருப்பார். ஓடிவந்து எறிபவனுக்குக் காலிலிருந்து கிடைக்கும் விசை இவருக்குக் கிடையாது. இடுப்பும் மார்பும் தோளும் சேர்ந்தே அதனை ஈட்ட வேண்டும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் சேமா 14.65 மீட்டர் எறிந்து வெண்கலப் பதக்கம் பெற்றார், வயது நாற்பது. அதே இறுதிப் போட்டியில் அவருக்கு அருகே எறிந்தவர் சோமன் ராணா. அவரும் இராணுவத்தார், 2006ஆம் ஆண்டில் கண்ணிவெடியில் வலது காலை இழந்தவர், 2021ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோப் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றவர். கட்கியில் பம்பாய்ப் பொறியாளர் படையின் மையத்திலுள்ள பயிற்சிக் களம் இத்தகையோரை ஒன்று சேர்த்தது. இழந்த படைப்பிரிவு அவர்களுக்கு வேறு வடிவில் மீண்டும் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். விடியலில் எழுப்ப ஒருவர், உடன் உழைக்க ஒருவர், எறிந்த தூரத்தைக் கேலி செய்ய ஒருவர், மகிழ ஒருவர் என்று எல்லாம் திரும்ப வந்தன.

கடினமான உடல் முயற்சி இவ்வாறு மனத்தை ஆற்றுவது எங்ஙனம்? மூன்று வழிகளைக் கூறலாம். முதலாவது உடல் வழி. உழைத்த உடலுக்கு உறக்கம் வருகின்றது, பசி வருகின்றது, தோளும் நெஞ்சும் வலுக்கின்றன, பிறர் கையை எதிர்பாராமல் தன் காரியத்தைத் தான் பார்க்க இயல்கின்றது. இரண்டாவது நோக்கு வழி. "இன்று நூறு அடி, நாளை நூற்றைம்பது" என்னும் சிறு இலக்கு, காலையில் எழுவதற்கு ஒரு காரணத்தைத் தருகின்றது. மூன்றாவது தோழமை வழி. தன் குறையை மறைக்க வேண்டாத இடம், அதைப் பற்றி நகையாடவும் கூடிய இடம் அது. இம்மூன்றனுள் முதல் இரண்டும் தனியே ஒருவனுக்குச் சில நாள் கைகொடுக்கும். மூன்றாவது இருந்தால்தான் அவை நிலைக்கும்.

எனினும் இங்கே எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். ஓட்டமும் நீச்சலும் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. நியாயமான ஓய்வூதியத்துக்கும் மாற்று அல்ல. எல்லாரும் ஓட இயலாது. கழுத்துக்குக் கீழே அசைவற்றவரும் உளர். "அவர் குதித்தாரே, நீ ஏன் எழவில்லை?" என்று ஒருவரைக் கேட்பது கொடுமையாகும். வாயில் தூரிகை கவ்வி ஒரு கோடு இழுப்பவரின் முயற்சியும் மாரத்தானுக்குக் குறைந்ததன்று. அவரவர்க்கு அவரவர் மலை.

மேலும், எல்லாப் புண்ணும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கை கால் முழுமையாக இருந்தும், இரவில் திடுக்கிட்டு எழுவோரும், பட்டாசு ஒலிக்கு நடுங்குவோரும், எவரோடும் பேசாதோரும் உளர். முதல் உலகப் போரில் இதனைக் குண்டதிர்ச்சி என்றனர். கோழைத்தனம் என்று எண்ணித் தண்டித்ததும் உண்டு. இது பெருந்துயருக்குப் பின் வரும் மன நோய் என்று 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தம் நூலில் வரையறுத்தனர். இவர்களுக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். உடன் நடக்கும் தோழனும் வேண்டும். வீரன் ஒருவன் நேருக்கு நேர் அமர்ந்து சொல்லாததை, தோளோடு தோள் நடக்கும்போது சொல்லிவிடுவான்.

நாம் செய்யக் கூடியது யாது? பெங்களூரிலும், புனேயிலும், செகந்தராபாத்திலும், டில்லியிலும் தமிழர் வாழும் பகுதிகளை அடுத்துப் படைக் குடியிருப்புகள் உள்ளன. சென்னைப் பொறியாளர் படையின் மையமே பெங்களூரில்தான் இருக்கின்றது. ஓய்வு பெற்ற தமிழ் வீரர் பலர் அவ்வூர்களிலேயே தங்கிவிட்டனர். நம் தெருவில் அத்தகைய ஒருவர் இருக்கக் கூடும். அவருக்கு ஆகஸ்டு 15ஆம் நாள் மாலையிட்டுவிட்டு, மறுநாள் மறந்துவிடுவதில் பயனில்லை. "ஐயா, காலையில் நாங்கள் நடக்கச் செல்கின்றோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைக்கலாம். நம் சங்கத்து விளையாட்டு விழாவில் சிறுவர்க்குப் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். அவர் செய்யக் கூடியதை நாம் செய்து கொடுக்காமல் இருக்கலாம். அதுவும் ஓர் உதவியே. சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சங்கக் கட்டடத்தின் வாயிலில் ஒரு சாய்தளம் அமைக்கலாம். ஓய்வூதியத்திலோ சிகிச்சையிலோ குறை இருப்பின், மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரோடு ஒரு நாள் சென்று வரலாம். மொழி அறியாமையால் அங்கே தயங்கி நிற்கும் முதியவருக்கு, அவ்வூர் மொழி அறிந்த தமிழர் ஒருவரின் துணை மிகப் பெரிது.

நம் முன்னோர் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டனர். அந்நன்றியறிதல் நமக்கு வேண்டும். மீண்டவனுக்கு வேண்டுவது கல் அன்று. அவனோடு நடக்கும் நாலு பேர், நாளைக் காலைக்கு ஒரு வேலை, "உன்னால் ஆகும்" என்று தன் காயத்தைக் காட்டிச் சொல்ல முன் சென்றவன் ஒருவன். இவை கிடைத்த ஜவான், தனக்குக் கிடைத்ததை அடுத்தவனுக்குக் கொடுக்கத் தவறுவதில்லை என்பதைப் புனேயிலும் டில்லியிலும் கண்டோம். நாளைக் காலை நம் தெருவில் தனியே ஊன்றுகோலோடு ஒருவர் நடந்து செல்வதைக் கண்டால், வழிவிட்டு ஒதுங்கி நில்லாமல், அவரோடு சேர்ந்து சற்றுத் தூரம் நடப்போமாக.